வற்றும் மடுக்களில் ரெட்ஃபின்: எதை அளப்பது, எப்போது மீனை எடுப்பது?

கரூமடு (ஊட்ஸ்ஹோர்ன்):

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் கௌரிட்ஸ் ஆற்றுப் படுகையில், சின்னக் கரூ என்ற வறண்ட பகுதியின் பக்கம் ஒரு கிளையாற்றில் 11 கி.மீ. நீளத்துக்கு உள்ளூர் மீன் கண்காணிப்பு தொடங்குகிறோம். நவம்பர் முடிவில் ஓட்டம் நின்றுவிட்டது. இப்போது ஆறு என்பது 14 மடுக்கள், இடையில் வெறும் கூழாங்கல். மலையடிவாரத்து மூன்று மடுக்களில் மட்டும் நீர் தெளிவு. மற்ற பதினொன்றும் பால் டீ நிறம்.

இருக்கும் உள்ளூர் மீன்: ஸ்மால்ஸ்கேல் ரெட்ஃபின் (சூடோபார்பஸ் ஆஸ்பர்), மொக்கல் (லேபியோ அம்ப்ராடஸ்). கீழ் மடுக்களில் அந்நிய மீனான கார்ப். 9ஆம் மடுவில் லார்ஜ்மவுத் பாஸ் கண்ணில் பட்டது, அதுவும் அந்நியம், மற்ற மீனைத் தின்னும்.

கையில் இருப்பவை இரண்டு ஃபைக் வலை (பறி போன்ற பை வலை), 10 மீட்டர் கரைவலை, நீரின் உப்பைக் காட்டும் கடத்துதிறன் மீட்டர், இரவல் வாங்கிய முதுகுப்பை எலெக்ட்ரோஃபிஷர் (மின்சாரத்தால் மீனை மயக்கிப் பிடிக்கும் கருவி). மாகாண இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான கேப்நேச்சரின் அனுமதி வந்துவிட்டது. ஆனால் அது பிடித்து, அளந்து, அதே மடுவில் விடுவதற்கு மட்டும்.

கேட்க வேண்டியவை மூன்று. கலங்கல் மடுவில் எந்த முறை நம்பகமானது? மீனைக் காப்பாற்ற இடம் மாற்றும் முடிவை எந்த அளவை வைத்து எடுப்பது? நிலக்காரர் ஒருவர் தன் பண்ணை அணையில் கொண்டுபோய் விடலாம் என்கிறார், பேக்கியும் (பிக்கப் வண்டி) தருகிறார். ஒப்புக்கொள்ளலாமா?

---

நீர்க்கோல் (கேப் டவுன்):

வலையை இப்போதைக்கு வண்டியிலேயே வையுங்கள். முதலில் எண்ண வேண்டியது மீனை இல்லை, மடுவை. பதினான்கில் எத்தனை அடுத்த மழை வரை தாங்கும் என்று தெரியாமல் மீனை எண்ணினால், அந்த எண்ணை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது.

ஒவ்வொரு மடுவிலும் ஆழமான இடத்தைக் கண்டுபிடித்து ஓர் அளவுகோல் நடுங்கள். 12 மி.மீ. முறுக்குக் கம்பியில் 1.5 மீட்டர் பிளாஸ்டிக் டேப்பைக் கட்டினாலே போதும். கரையில் அசையாத பாறை ஒன்றில் பெயின்ட் குறி போட்டு, கோலின் பூஜ்யம் அதற்கு எவ்வளவு கீழே என்று எழுதி வையுங்கள். கோலை ஆடோ மாடோ சாய்த்தாலும் கணக்கு போகாது.

பிறகு ஆவியாதல். மடுவின் கரையில் 40 செ.மீ. அகல வெள்ளைப் பேசின் ஒன்றைப் பாதி புதைத்து, மேலே கோழிவலை போட்டு (பபூனும் பறவையும் குடித்துவிடும்), தினமும் காலை ஒரே நேரத்தில் எத்தனை மி.மீ. குறைந்தது என்று பாருங்கள். சின்னப் பேசின் மடுவை விட வேகமாகச் சூடேறும், அதனால் வந்த எண்ணை 0.7ஆல் பெருக்குங்கள். பேசினில் 9 மி.மீ. இறங்கினால் மடுவின் ஆவியாதல் சுமார் 6.3 மி.மீ. அதே நாளில் மடுக்கோல் 14 மி.மீ. இறங்கியிருந்தால் மீதி 7.7 மி.மீ. மணலுக்குள் கசிகிறது, இல்லை யாரோ பம்ப் வைத்து எடுக்கிறார்கள். மடு 3 மி.மீ. மட்டுமே இறங்கினால் அடியில் ஊற்று இருக்கிறது. அந்த மடுதான் உங்கள் சொத்து. அதற்கு மேற்புறம் யாருடைய போர்வெல் ஓடுகிறது என்று அன்றைக்கே விசாரியுங்கள்.

இந்தக் கணக்கு இருந்தால் நாளும் தெரியும். 30 செ.மீ. ஆழத்தை ஆபத்துக் கோடாக வைத்து, இப்போதைய ஆழம் அதற்கு மேல் 620 மி.மீ., தினசரி இறக்கம் 14 மி.மீ. என்றால் உங்களிடம் இருப்பது 44 நாள். ஜனவரி வெயில் ஏற ஏற அது இன்னும் சுருங்கும். வாரம் ஒருமுறை திருத்திப் போடுங்கள்.

சாட்டிலைட் படத்தை மட்டும் நம்பி மடுவை எண்ண வேண்டாம். சென்டினல்-2 இலவசம், ஐந்து நாளுக்கு ஒரு படம், எல்லாம் சரி. ஆனால் ஒரு புள்ளி 10 மீட்டர். 6 மீட்டர் அகல மடு அதில் பெரும்பாலும் தெரியாது, நாணல் மூடிய மடு தெரியவே தெரியாது, மலை நிழல் தண்ணீராகத் தெரியும். முந்தைய வறட்சி வருடங்களில் எந்தப் பெரிய மடு தாங்கியது என்று பின்னோக்கிப் பார்க்க மட்டும் அது உதவும். அதைக் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் அன்று தாங்கியது இன்றும் தாங்க வாய்ப்பு அதிகம்.

---

பறிவலை (மகாண்டா):

நீர்க்கோல் சொன்னதோடு ஆக்ஸிஜனையும் சேருங்கள். நண்பகலில் அளந்த ஆக்ஸிஜன் ஏமாற்றும். பாசி வெயிலில் ஆக்ஸிஜனை ஏற்றிவிடும், இரவில் அதே பாசியும் அடிச்சேறும் உறிஞ்சித் தீர்க்கும். 30 டிகிரி நீரில் கடல்மட்டத்திலேயே முழு நிறைவு லிட்டருக்கு 7.5 மி.கி.தான், உயரம் கூடக் கூட இன்னும் குறையும். மாலை 4 மணிக்கு 9 காட்டிய மடு விடியலில் 1.5க்கு இறங்கியிருக்கும். ஆகவே சூரியன் வருவதற்கு அரை மணி முன்னால் அளக்க வேண்டும், மேலிருந்து 10 செ.மீ. ஆழத்தில் ஒன்று, அடியிலிருந்து 20 செ.மீ. மேலே ஒன்று. மீட்டர் இல்லாத நாளில் டார்ச்சை நீர்மட்டத்துக்குத் தாழ்த்திப் பிடித்துப் பாருங்கள். நீரின் தோல் மீது சின்னச் சின்ன வட்டங்கள் இடைவிடாமல் விரியும், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வாய். வெளிச்சம் பட்டும் மீன் கீழே போகாமல் அங்கேயே வாய் திறந்து நின்றால் அடியில் மூச்சு விட இடமில்லை என்று அர்த்தம்.

இனி உங்கள் கருவிகள். எலெக்ட்ரோஃபிஷரைக் கலங்கல் மடுவுக்கு எடுத்துப் போக வேண்டாம். கரூ நீர் உப்பு நீர். கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 1,000 மைக்ரோசீமன்ஸ் தாண்டினால் முதுகுப்பை யூனிட்டின் மின்சாரம் மீன் உடலை விட்டுவிட்டு நீர் வழியே ஓடிவிடும், பேட்டரியும் தீரும். மயங்கிய மீனும் கலங்கலில் கண்ணுக்குத் தெரியாது. மேல் மூன்று தெளிந்த மடுக்களுக்கு ஸ்நார்க்கெல் (மூச்சுக்குழாய் போட்டு நீருக்குள் பார்த்து எண்ணுவது) போதும். இரண்டு பேர், கீழிருந்து மேலாக மெதுவாக, ஒரே வேகத்தில், ஒருவர் எண்ணியதை மற்றவர் கேட்காமல் ஸ்லேட்டில் தனித்தனியாக எழுத வேண்டும்.

கலங்கலுக்கு ஃபைக். ஊரில் பறி வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை: உள்ளே போகும் புனல், திரும்ப வழியில்லாத பை. தப்பு நடப்பது மூன்று இடத்தில்.

ஒன்று, பையின் வால்முனையை முழுக்க மூழ்கவிடுவது. பிளாட்டானா தவளையும் குட்டை ஆமையும் காற்றுக்கு மேலே வந்தாக வேண்டும். மூழ்கிய பையில் இரவு முழுக்க இருந்தால் செத்துவிடும். வால்முனையைக் கழியில் கட்டி 15 முதல் 20 செ.மீ. நீருக்கு மேலே தூக்கி வையுங்கள், அல்லது உள்ளே ஒரு காலி 2 லிட்டர் பாட்டிலைப் போடுங்கள். வாயில் 8 முதல் 10 செ.மீ. கட்டமுள்ள கம்பித் தடுப்பு கட்டாயம். இல்லையென்றால் நீர்நாய் உள்ளே போய் மூச்சு முட்டிச் சாகும்.

இரண்டு, பாஸ் இருக்கும் மடுவில் இரவு முழுக்க வைப்பது. வலைக்குள் அடைபட்ட பாஸ் பக்கத்தில் அடைபட்ட ரெட்ஃபினைத் தின்றுவிடும், காலையில் “இங்கே ரெட்ஃபின் இல்லை” என்று எழுதிவிட்டுப் போவீர்கள். 9ஆம் மடுவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். பிடிபட்ட பாஸின் வயிற்றையும் பாருங்கள். ஆற்று நண்டும் வலைக்குள் மீனின் துடுப்பைக் கடித்து வைக்கும். கடிபட்ட மீனைப் பார்த்து நோய் என்று குறிக்க வேண்டாம்.

மூன்று, விடியல் ஆக்ஸிஜன் 3க்குக் கீழே இருக்கும் மடுவில் இரவு வலை. வெளியே இருக்கும் மீன் மேல்நீருக்கு ஏறித் தப்பிக்கும். வலைக்குள் இருப்பதற்கு அந்த வழி இல்லை. அங்கே பகலில் கரைவலை மட்டும், அதுவும் ஒரே இழுப்பு, அடிச்சேற்றைக் கிளறாமல்.

வலை எண்ணிக்கை, வைத்த நேரம், எடுத்த நேரம் மூன்றையும் எழுதுங்கள். “ஒரு வலை ஓர் இரவுக்கு இத்தனை மீன்” என்று வந்தால்தான் அடுத்த வருடத்தோடு ஒப்பிட முடியும். ஒன்றும் பிடிபடாத வலையையும் பூஜ்யம் என்று எழுத வேண்டும். புதிதாகத் தொடங்கும் குழுக்கள் விட்டுவிடுவது பெரும்பாலும் இந்தப் பூஜ்யத்தைத்தான்.

---

ஆற்றுநண்டு (டர்பன்):

சுற்றுச்சூழல் டிஎன்ஏ முறையை யாரும் சொல்லவில்லையே? நீரை வடிகட்டி அனுப்பினால் எந்த மீன் இருக்கிறது என்று ஆய்வகம் சொல்லிவிடும். மீனைத் தொடவே வேண்டாம்.

---

பறிவலை (மகாண்டா):

முறை நல்லதுதான் அண்ணா, மேல் மடுக்களுக்குப் பொருந்தும். கலங்கல் நீரில் 0.45 மைக்ரான் ஃபில்டர் 100 மில்லி போவதற்குள் அடைத்துக்கொள்ளும். அகலக் கண் ஃபில்டர் வாங்கி, ஒரு மடுவுக்கு நான்கைந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லி போனது என்று எழுத வேண்டும். மடுவுக்கு மடு புதுக் கையுறை. பாத்திரத்தை வீட்டு பிளீச் ஒரு பங்கு, நீர் ஒன்பது பங்கில் ஊறவைத்து நன்றாக அலச வேண்டும். காய்ச்சி வடித்த நீரையும் அதே இடத்தில் அதே பம்ப்பில் வடிகட்டி ஒரு வெற்று மாதிரி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் 9ஆம் மடுவின் பாஸ் 2ஆம் மடுவிலும் “கிடைக்கும்”.

இதெல்லாம் செய்தாலும் அது சொல்வது “இருக்கிறது” என்பது மட்டும். எத்தனை, எந்த அளவு, குஞ்சு பொரித்ததா என்று சொல்லாது. செத்து மிதக்கும் மீனின் டிஎன்ஏவும் அதில் வரும். மடு சாகும் மாதத்தில் அது முக்கியமான குறை.

---

கரூமடு (ஊட்ஸ்ஹோர்ன்):

மிக்க நன்றி. நான்கு நாள் அளந்தோம். 3ஆம் மடு தினம் 2 மி.மீ. மட்டுமே இறங்குகிறது, விடியல் ஆக்ஸிஜன் 5.2. அங்கே ஊற்று இருப்பது உறுதி. 6ஆம் மடு தினம் 13 மி.மீ. இறங்குகிறது, ஆழம் 48 செ.மீ., விடியலில் 2.1, கடத்துதிறன் 2,800. ரெட்ஃபின் அங்கேதான் அதிகம். ஆடு மாடு இரண்டும் அதில்தான் குடிக்கின்றன. 6இல் இருப்பதை 3க்கு மாற்றலாமா, பண்ணை அணைக்கா? 9இல் இருக்கும் பாஸை என்ன செய்வது?

---

செதில் (கெபேர்ஹா):

மாற்றுவதற்கு முன் 6ஆம் மடுவுக்கே சில நாள் வாங்கிக் கொடுக்கப் பாருங்கள். முதல் வேலை கால்நடை. சாணமும் மூத்திரமும்தான் அந்த 2.1க்குப் பாதிக் காரணமாக இருக்கும். மடுவைச் சுற்றி மின்வேலி ஒரு கம்பி, 40 மீட்டர் தள்ளி ஒரு குடிநீர்த் தொட்டி. தொட்டி நீர் போர்வெல்லிலிருந்து வரட்டும், மடுவிலிருந்து வேண்டாம். நிலக்காரர் பேக்கி தர முன்வருகிறார் என்றால் தொட்டியும் தருவார். அவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

12 வோல்ட் காற்றுப் பம்ப் ஒன்றைச் சோலார் பேட்டரியில் நள்ளிரவு முதல் காலை 8 வரை ஓடவிடலாம். காற்றுக்கல் அடியிலிருந்து 30 செ.மீ. மேலே தொங்க வேண்டும். கருப்புச் சேற்றில் கிடந்தால் அழுகிய முட்டை வாயுவைக் கிளப்பி, இருக்கும் ஆக்ஸிஜனையும் தின்றுவிடும்.

இதற்குப் பிறகும் இரண்டு விடியல் தொடர்ந்து 2க்குக் கீழே போனாலோ ஆழம் 30 செ.மீ.க்கு வந்தாலோ எடுக்க வேண்டியதுதான். அனுமதித் திருத்தத்துக்கு இன்றே எழுதுங்கள். மீன் வாய் பிளக்கும் நாளில் எழுதிப் பயனில்லை.

எங்கே விடுவது என்பதில் ஒரே விதி: அதே ஆறு, அதே கிளை. பக்கத்து ஆற்று மீன் பார்க்க ஒன்றாக இருக்கும், உள்ளே வேறாக இருக்கும். ஈஸ்டர்ன் கேப் ரெட்ஃபின் என்று ஒரே பெயரில் இருந்ததை 2017இல் ஆய்ந்து பிரித்தபோது குரோம் ஆற்று மீன் தனி இனம், கம்டூஸ் ஆற்று மீன் தனி இனம் என்று ஆனது. அதற்கு முன் யாராவது நல்லெண்ணத்தில் ஒன்றை மற்றொன்றில் விட்டிருந்தால் பிரித்துப் பார்க்கவே வழி இருந்திருக்காது. தண்ணீரை மட்டும் இணைத்தாலே என்ன ஆகும் என்பதற்கு 1975இல் திறந்த ஆரஞ்சு–ஃபிஷ் சுரங்கம் போதும். 82 கி.மீ.க்கும் மேல் நீளமான குழாய் வழியே ஆரஞ்சு ஆற்று மீன்கள் கிரேட் ஃபிஷ் ஆற்றுக்கு வந்து சேர்ந்தன. ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அவற்றில் ஒன்று, தமிழ்நாட்டுப் பண்ணைக் குளங்களில் வளர்க்கத் தடை செய்த அதே மீன். வடக்கே அது உள்ளூர் மீன், கேப் ஆறுகளில் அந்நியம்.

ஆகவே 6இலிருந்து 3க்கு மாற்றுவது சரி, முழுக்க வேண்டாம். 3ஆம் மடுவில் ஏற்கனவே எத்தனை இருக்கிறது, இன்னும் எத்தனைக்குத் தீனி உண்டு என்று பார்த்து, பாதியை அங்கே விடுங்கள். மீதிக்குப் பண்ணை அணை தற்காலிக இடமாகலாம், மூன்று நிபந்தனையோடு: அணையில் பாஸ், கார்ப், சிலேபி எதுவும் இல்லை என்று வலை போட்டு உறுதி செய்ய வேண்டும். அணை நிரம்பி வழிந்தால் நீர் இதே கிளைக்குத்தான் வர வேண்டும். திரும்ப எடுத்து ஆற்றில் விடும் தேதியும் ஆளும் எழுத்தில் இருக்க வேண்டும். டோரிங் ஆற்றின் கிளான்வில்லியம் சாண்ட்ஃபிஷுக்கு இப்படித்தான் செய்கிறார்கள். பீடௌ கிளையில் வற்றும் மடுக்களிலிருந்து குஞ்சுகளை எடுத்து, அந்நிய மீன் இல்லாத பண்ணை அணைகளில் வளர்த்து, பாஸ் வாய்க்கு அடங்காத அளவு வந்ததும் ஆற்றுக்குத் திருப்புகிறார்கள். சாண்ட்ஃபிஷ் பெரிதாக வளரும், அதனால் அந்தக் கணக்கு நிற்கும். ரெட்ஃபின் எவ்வளவு வளர்ந்தாலும் பாஸ் வாய்க்குள் போகும் அளவுதான். உங்கள் விஷயத்தில் பாஸ் இல்லாத மடு இருந்தே ஆக வேண்டும்.

கொண்டுபோகும் முறை: விடியற்காலையில் பிடித்து 8 மணிக்குள் முடியுங்கள். 200 லிட்டர் மூடித் தொட்டி, மடு நீரை விடத் தெளிந்த நீர், இரண்டு காற்றுக்கல். லிட்டருக்கு 20 கிராம் மீனுக்கு மேல் ஏற்ற வேண்டாம். 6 கிராம் ரெட்ஃபின் என்றால் ஒரு நடைக்கு 650 வரை. அயோடின் இல்லாத உப்பு லிட்டருக்கு 2 முதல் 3 கிராம். வெயில் ஏறினால் ஐஸை மூடிய பாட்டிலில் போடுங்கள், நேராக நீரில் கொட்டாதீர்கள், குழாய் நீர் ஐஸில் குளோரின் இருக்கும். இறக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டி நீரில் கால் பங்கை எடுத்துவிட்டுப் புது மடு நீரை ஊற்றுங்கள், வெப்ப வித்தியாசம் 2 டிகிரிக்குள் வரும்வரை. 2,800 உப்பிலிருந்து தெளிந்த மடுவுக்குப் போகிறது என்பதால் இதில் அவசரம் கூடாது, ஒரு மணி நேரம் கொடுங்கள். தொட்டியை அப்படியே கவிழ்க்காதீர்கள், கைவலையால் எடுத்து விடுங்கள். 6ஆம் மடு நீர், பாசி, நத்தை எதுவும் 3க்குப் போகக் கூடாது.

---

நீர்க்கோல் (கேப் டவுன்):

9ஆம் மடு பற்றி. ஓட்டம் நின்ற இந்த இரண்டு மாதம்தான் அந்நிய மீனை எடுக்க ஏற்ற காலம். பாஸுக்கு மேலேயும் கீழேயும் போக வழியில்லை. பம்ப் வைத்து இறைக்கலாம், ஆனால் முதலில் அங்கேயும் கோல் நடுங்கள். ஊற்று மடு என்றால் இரவோடு இரவாக நிரம்பும், பம்ப் தோற்றுவிடும். ஊற்று இல்லையென்றால் கணக்கு எளிது: 18 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி 60 செ.மீ. ஆழம் என்றால் 54,000 லிட்டர். இரண்டு அங்குலப் பெட்ரோல் பம்ப் குழாய் நீளமும் ஏற்றமும் போக நிமிடத்துக்கு 300 லிட்டர் தரும் என்று வைத்தால் மூன்று மணி நேரம். உறிஞ்சும் முனையில் 3 மி.மீ. வலைக்கூண்டு. வெளியேறும் நீர் கரைமேட்டுக்குப் போகட்டும், ஆற்றுப் படுகைக்கு வேண்டாம். உள்ளே இருக்கும் ரெட்ஃபினையும் மொக்கலையும் முன்கூட்டியே கரைவலையில் எடுத்துத் தொட்டியில் வைக்க வேண்டும். இந்த வருடக் குஞ்சு பாஸ் 4, 5 செ.மீ.தான் இருக்கும், அவசரத்தில் அதுவும் ரெட்ஃபினோடு தொட்டிக்குப் போய்விடும். வாயைப் பாருங்கள். பாஸின் மேல்தாடை கண்ணுக்கு நேர் கீழே வரை ஓடும், முதுகில் முள்துடுப்பு இருக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: வெள்ளம் வந்தால் கீழிருந்து பாஸ் திரும்ப ஏறுமா? 9க்குக் கீழே ஓர் அருவியோ தடுப்பணையோ இருந்தால் மட்டும் உழைப்பு நிற்கும். ரொண்டெகாட் ஆற்றில் கேப்நேச்சர் 2012இலும் 2013இலும் ரோட்டினோன் என்ற மீன் கொல்லும் மருந்தை இட்டு சுமார் 4 கி.மீ.க்கு ஸ்மால்மவுத் பாஸை நீக்கியபோது, மேலே அருவியும் கீழே தடுப்பணையும் இருந்தன. உள்ளூர் மீன் மேலிருந்து தானே இறங்கி வந்து நிரப்பியது. தடுப்பு இல்லாத இடத்தில் அது நடந்திருக்காது. ரோட்டினோன் தனியார் குழு கையில் எடுக்கும் பொருள் இல்லை, அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

---

கரூமடு (ஊட்ஸ்ஹோர்ன்):

9க்குக் கீழே 1.6 மீட்டர் பழைய தடுப்பணை இருக்கிறது, ஒரு பக்கம் கரை அரித்திருக்கிறது. அதைப் படம் எடுத்து அனுமதி விண்ணப்பத்தோடு அனுப்புகிறேன். கடைசியாக ஒன்று: 3ஆம் மடுவில் ஏற்கனவே எத்தனை இருக்கிறது என்பதை எப்படிக் கணிப்பது?

---

பறிவலை (மகாண்டா):

குறியிட்டு மீண்டும் பிடிப்பது. மடு துண்டாகி நிற்பதால் வரவும் போக்கும் இல்லை, இந்த முறைக்கு அதுவே வசதி. முதல் நாள் பிடித்ததற்கெல்லாம் வால்துடுப்பின் மேல்நுனியில் 2 மி.மீ. கத்தரியுங்கள், ஒரு மாதத்தில் வளர்ந்துவிடும். மயக்கம் தேவைப்பட்டால் கிராம்பு எண்ணெய் ஒரு பங்கு, எத்தனால் ஒன்பது பங்கு கலந்து, அந்தக் கலவையில் லிட்டருக்கு 0.4 மில்லி. எண்ணெயை நேராக நீரில் விட்டால் கரையாமல் மிதந்து செவுளில் ஒட்டும். ஈரக் கை, நிழலில் பக்கெட், மீன் காற்றில் இருப்பது 15 வினாடிக்குள்.

மூன்று நாள் கழித்து மறுபடி பிடியுங்கள், வலையை வேறு இடத்தில் வைத்து. முதலில் குறியிட்டது 84, இரண்டாவது முறை பிடித்தது 70, அதில் குறியுள்ளது 16 என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டிலும் ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 85 பெருக்கல் 71 என்பது 6,035. அதை 16 கூட்டல் 1, அதாவது 17ஆல் வகுத்தால் 355. ஒன்று கழித்தால் 354 மீன். இந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் சுமார் 128 தள்ளாட்டம் உண்டு, ஆகவே அறிக்கையில் “226 முதல் 482 வரை” என்றுதான் எழுத வேண்டும். குறியுள்ளது ஏழுக்குக் கீழே வந்தால் அந்தக் கணிப்பை நம்பாதீர்கள், இன்னொரு இரவு வலை போடுங்கள்.

தடுப்பணைப் படத்தில் ஓர் ஆளை நிற்க வையுங்கள், உயரம் தெரியும். அரித்த பக்கத்தைக் கீழ்ப்புறத்திலிருந்து எடுங்கள். வெள்ளத்தில் பாஸ் ஏறினால் அந்த வழியாகத்தான் ஏறும்.